இரண்டு பக்கமும் ஒரே ஆள்

அக்டோபர் 9, 2023, திங்கள்

"டீச்சர், விக்கிறவனும் வாங்கறவனும் ஒரே ஆளா இருந்தா, பேரம் யாரு பேசறது?"

1986இல் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பாடத்தில், கம்பெனிகள் இணைவது பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து வந்த கேள்வி. மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தது. கரும்பலகையில் கணக்கு பாதியில் நின்றது. "அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

கேட்டவன் பெயர் செங்கோட்டுவேல். இப்போது வேலாங்கரடு மினரல்ஸ் கம்பெனியின் சேர்மன். சேலத்துக்கு வெளியே வெள்ளைக்கல் வெட்டி, இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு அனுப்புகிற கம்பெனி. மூன்று வருடங்களுக்கு முன் ஆப்பிள், ஆரஞ்சு சகிதம் வீட்டுக்கு வந்து, "டீச்சர், நீங்க எங்க போர்டுக்கு வரணும்" என்றான். போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், ஒரு பெண் இருக்க வேண்டும், கம்பெனியோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெளியாட்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டுக்கும் நான் ஒருத்தியே போதுமானவளாக இருந்தேன்.

இன்று காலை கூரியரில் 312 பக்கம் வந்தது. வேலாங்கரட்டோடு பொன்வயல் மினரல்ஸ் என்ற தனியார் கம்பெனியை இணைக்கப்போகிறார்கள். பொன்வயலின் சொந்தக்காரர்கள் செங்கோட்டுவேலின் மனைவியும் மச்சானும். அதனால் அவன் ஓட்டுப் போட முடியாது. வெளியாட்களான நாங்கள் மூன்று பேர் நவம்பர் 17 அன்று கூடி, 'இந்த இணைப்பு எல்லாப் பங்குதாரருக்கும் நியாயமானது' என்று கையெழுத்திட வேண்டும்.

முதல் பக்கத்தைப் பார்த்ததும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. அப்போதிலிருந்து உட்கார முடியவில்லை. எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன். முப்பத்தோரு வருடம் பாடக்குறிப்பு எழுதிய கை இது. என்றாவது அதிகாரி வந்து புரட்டிப் பார்ப்பார் என்று நினைத்தே எழுதிப் பழக்கம். அப்படியே எழுதுகிறேன்.

மதியம் சிலிண்டர் வந்தது.

அக்டோபர் 10, செவ்வாய்

ஊறவைத்த அரிசியை அரைக்க மறந்துவிட்டேன். நாற்பது பக்கம் படித்தேன். ரத்த அழுத்தம் 150க்கு 90.

அக்டோபர் 12, வியாழன்

சிவப்பு மைப் பேனாவை எடுத்தபிறகுதான் புத்தி வேலை செய்தது.

பொன்வயலின் ஒரு பங்குக்கு வேலாங்கரட்டின் மூன்று பங்கு என்று விலை வைத்திருக்கிறார்கள். பொன்வயல் சுரங்கத்தில் இன்னும் அவ்வளவு கல் இருக்கிறதாம். மதிப்பீட்டாளர் தொண்ணூறு பக்கம் கணக்குப் போட்டிருக்கிறார். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் 187ஆம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்: 'கல்லின் அளவு குறித்த தகவல் பொன்வயல் நிர்வாகம் அளித்தது. நாங்கள் தனியாகச் சரிபார்க்கவில்லை.'

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு மாணவி தன் விடைத்தாளைத் தானே திருத்தி, ஒவ்வொரு விடைக்கும் தானே மதிப்பெண் போட்டுக் கொண்டுவருகிறாள். நான் கூட்டலை மட்டும் சரிபார்த்து, 'மொத்தம் சரி' என்று கையெழுத்திடுகிறேன். அந்தத் தொண்ணூறு பக்கமும் இதுதான்.

அந்த வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டமிட்டேன். பழைய சந்தோஷம் வந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கர்வமும்.

பத்து மணிக்கு சசி வந்தான். என் ஒரே மகன் சசிதரன். ஓசூரில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் வீட்டிலிருந்தான். ஜூனிலிருந்து மறுபடி வேலைக்குப் போகிறான். கம்பெனி கார் கொடுத்திருக்கிறார்கள். உப்புமா சாப்பிட்டான். அவன் கை கழுவப் போனபோது மேஜையிலிருந்த காகிதங்களின் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினேன். ஏன் மூடினேன் என்று தெரியவில்லை. எண்ணெய் படக்கூடாது என்றுதான் இருக்கும்.

அக்டோபர் 16, திங்கள்

கம்பெனிச் செயலாளர் அபிநயா போன் செய்தாள். கூட்டங்களை ஏற்பாடு செய்து, சட்டத்துக்கு உட்பட்டுத் தாள்களைத் தயாரிப்பது அவள் வேலை. கெட்டிக்காரப் பெண். முப்பது வயதுதான் இருக்கும்.

"மேடம், படிச்சிட்டீங்களா? ஏதாவது டவுட் இருக்குங்களா?"

"பதினோரு டவுட் இருக்கும்மா."

"உங்ககூடக் கையெழுத்துப் போடற பாலகுருசாமி சார் ஒண்ணுமே இல்லைன்னுட்டாருங்க" என்றாள்.

ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் ஏதோ பெரிய விஷயம்போல் ஆகிவிடும். சசி வேலை பார்ப்பது பொன்வயலில். பர்ச்சேஸ் மேனேஜர். நேர்முகத் தேர்வு வைத்துத்தான் எடுத்தார்கள். அவனுக்குப் பதினான்கு வருட அனுபவம் இருக்கிறது. நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாடியில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. துடைப்பத்தால் தள்ளிவிட்டேன். கீழே வந்து பார்த்தால் மறுபடி மழை. மறுபடி ஏறினேன்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

சுரங்கத்தில் பூஜை. வருடத்தில் ஒரு நாள் போர்டு ஆட்களான நாங்களும் போவது வழக்கம். குழி தோண்டும் எந்திரங்களுக்குச் சந்தனம் தெளித்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வெள்ளைத் தூசியின் மேல் குங்குமம் விழுந்து எல்லாம் ரோஜா நிறமாகத் தெரிந்தது.

மாரப்பன் பொரிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் இங்கே மேட், அதாவது குழிக்குள் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது தொழிலாளிகளுக்கும் பங்கு கொடுத்தார்கள். அவரிடம் இருநூறு இருக்கிறது. விற்காமல் வைத்திருக்கிறார், மகள் கல்யாணத்துக்கு.

பொன்வயல் சுரங்கம் பக்கத்துக் கரட்டில், சின்னக் கல்குன்றில்தான் இருக்கிறது. "நடந்து போய்ப் பார்க்கலாமா" என்று கேட்டேன். வரப்பு வழியாகக் கூட்டிப்போனார். பெரிய குழி. அடியில் பச்சையாகத் தண்ணீர். ஒரு நீர்க்கோழி.

"இதுல இன்னும் கல்லு இருக்குதுங்களா மாரப்பன்?"

"தண்ணி இருக்குதுங்க டீச்சரம்மா. மீனு விடலாம்னு பேசிக்கறாங்க."

"விளையாடாதீங்க."

"நான் எங்கீங்க விளையாடறேன். ரெண்டு வருசமா மோட்டாரு போட்டு இறைக்கல. இறைச்சாத்தான கல்லு இருக்குதா இல்லியான்னு தெரியும். நம்ம கம்பெனியில சேத்தாங்கன்னா நம்ம காசுல இறைப்பாங்களாட்ட இருக்குது."

"இப்ப இங்க வேலை எதுவும் நடக்கலயா?"

"வாட்ச்மேன் ஒருத்தன். நாயி ரெண்டு."

"என் பையன் இங்கதான் பர்ச்சேஸ் மேனேஜர்."

மாரப்பன் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். "அப்படீங்களா. இங்க வாங்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றவர், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்திருக்க வேண்டும். "ஆபீஸ் வேலை இருக்குமுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது பந்தலில் சசி நின்றிருந்தான். சட்டைப் பையின் மேல் பெயர்ப்பட்டை. செங்கோட்டுவேல் அவன் தோளில் கைபோட்டபடி, எல்லோர் முன்னாலும், "டீச்சர், சசி இல்லாம எங்களுக்கு ஒரு நாள் ஓடாது" என்றான். சசி சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மதிப்பெண் குறைந்த அட்டையில் கையெழுத்து வாங்க வரும்போது சிரிப்பான்.

பொரியில் வெல்லம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 24, செவ்வாய்

பொரியைக் காக்கைக்குப் போட்டுவிட்டேன். கண் சொட்டு மருந்து தீர்ந்துபோயிற்று.

அக்டோபர் 28, சனி

பாலகுருசாமி வந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் மூவரில் ஒருவர். மூன்றாமவர் இன்ஜினியர் சந்தானகிருஷ்ணன், மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருக்கிறார். அங்கிருந்து வீடியோவில் கலந்துகொள்வார்.

"டீச்சரம்மா, பதினோரு கேள்வி எழுதியிருக்கீங்களாமே. அந்தப் பொண்ணு நடுங்குது."

187ஆம் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி வாசித்தார். கண்ணாடியை இறக்கினார்.

"எல்லா ரிப்போர்ட்லயும் இந்த வரி இருக்குமுங்க. சோத்துல உப்பு மாதிரி."

"அந்தக் குழியில தண்ணி நிக்குதுங்க. நான் பார்த்தேன்."

"நாம எதுக்குப் போய்ப் பாக்கணும்? பாக்கறது நம்ம வேலையில்ல. பேப்பர் சரியா இருக்குதான்னு பாக்கறதுதான் நம்ம வேலை." காபியை உறிஞ்சினார். "நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. சசி தம்பி அங்கதான இருக்காப்ல?"

"அது வேற விஷயம்."

"வேற விஷயம்தான். நானும் அதத்தான் சொல்றேன். இந்த ஊர்ல யாருக்கு யாரு சொந்தமில்ல? எல்லாத்தையும் பாத்துட்டு இருந்தா ஒரு கல்யாணம்கூட நடக்காது."

அவர் போனபிறகு பீரோவைத் திறந்து ஏப்ரலில் நான் கையெழுத்திட்ட படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். இயக்குநரோ உறவினரோ கம்பெனியோடு தொடர்புள்ள நிறுவனங்களில் சம்பந்தப்பட்டிருந்தால் தெரிவிக்க வேண்டிய படிவம். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று முன்பே தட்டச்சு செய்திருந்தார்கள். மைசூர்பாகு டப்பாவோடு சேர்த்து நீட்டினார்கள். ஏப்ரலில் அது உண்மை. ஜூனில் சசி சேர்ந்ததும் அது பொய்யாகிவிட்டது. அடுத்த கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஜூலையில் ஒரு கூட்டம் நடந்தது. தேர்வுப் பணிக் கடிதம்போல வருடத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கடிதம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பொதுத்தேர்வு வந்தால் ஒவ்வோர் ஆசிரியரும் எழுதிக் கொடுக்க வேண்டும்: 'என் மகனோ மகளோ இந்த ஆண்டு தேர்வு எழுதுகிறார்களா, எந்த மையத்தில்?' எழுதினால் நம்மை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். 2002இல் சசி பன்னிரண்டாம் வகுப்பு. எழுதிக் கொடுத்தேன். எடப்பாடிக்குப் போட்டார்கள். இரண்டு பஸ். விடியற்காலையில் இட்லி ஊற்றி மூடிவைத்துவிட்டுப் போவேன். அவன் எழுந்து சாப்பிடும்போது ஆறிப்போயிருக்கும். 'எல்லாரு வீட்லயும் அம்மா பக்கத்துல இருந்து அனுப்பறாங்க' என்று ஒருநாள் அழுதான். அப்படியும் நான் அந்தக் கடிதத்தைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அன்று அது எவ்வளவு சுலபமாக இருந்தது.

நவம்பர் 3, வெள்ளி

மருமகள் யமுனா வந்தாள். கூடை நிறையச் சாமந்தி. உட்காராமலே பேசினாள். தீபாவளிக்குப் பேத்திக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறாளாம்.

"அத்தை, ஒண்ணு சொல்லட்டுங்களா. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் அவரு நிம்மதியா தூங்கறாரு. முன்னெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்குவாரு."

"நல்லதும்மா" என்றேன்.

"நீங்க ஏன் இளைச்சுப் போயிட்டீங்க?"

"மாடிப்படி ஏறி இறங்கறேன்ல" என்றேன்.

நவம்பர் 6, திங்கள்

கேட்டுவிட்டேன்.

சசி காரை நிறுத்திவிட்டு மாத்திரை கொடுக்க வந்தான். வாசலிலேயே வைத்துக் கேட்டேன். "அங்க உனக்கு என்னடா வேலை?"

"என்னம்மா திடீர்னு."

"சும்மா சொல்லு. கடைசியா என்ன வாங்கின?"

செருப்பைக் கழற்றாமல் நின்றான். "ரெண்டு டியூப்லைட்" என்றான்.

"அதுக்கு முன்னாடி?"

"செப்டம்பர்ல நாய்க்குச் சங்கிலி." படியில் உட்கார்ந்துகொண்டான். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாம்மா? போறேன், ஏசி போடறேன், பேப்பர் படிக்கறேன், வர்றேன். பதினாலு வருஷம் ஃபேக்டரில லைன் நிக்காம பாத்துக்கிட்டவன் நான். முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு, எதுக்கு என்னை வெச்சிருக்காங்கன்னு."

"அப்புறம் ஏன் போற?"

"நீ ஏன் போன் பண்ணின?"

நான் தெருக் கேட்டைச் சாத்தினேன்.

"மே மாசம். நான் உள் ரூம்ல இருந்தேன்." குரல் உயரவில்லை. "பதினேழாம் தேதி நீ என்ன வேணும்னாலும் பண்ணு. நான் கேக்க மாட்டேன். ஆனா அந்த ரெண்டு வருஷம் நீ என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அதை மறுபடி என்னால தாங்க முடியாதும்மா. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. பாவம்னு பாத்த."

மாத்திரையைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனான். காரை எடுக்கும்போது பின்னால் பார்த்து, கவனமாக எடுத்தான். எப்போதும் கவனமாகத்தான் ஓட்டுவான்.

நவம்பர் 8, புதன்

அக்டோபர் 16ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, 'நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை' என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். பிழை.

திருத்தம்: மே மாதம், கூட்டத் தேதியைக் கேட்கச் செங்கோட்டுவேலுக்குப் போன் செய்தேன். தேதி எனக்கு ஏற்கெனவே தெரியும். பேசி முடிக்கும்போது, "சசி இன்னும் வீட்லதான் இருக்கான்பா" என்றேன். அவ்வளவுதான். நான்கே வார்த்தை. அவன், "விடுங்க டீச்சர், பாத்துக்கலாம்" என்றான். மூன்றாவது வாரம் சசிக்கு அழைப்பு வந்தது.

ஒரு மாதமாக மற்றவர்களின் தாளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அந்தக் கட்டில் என் தாளும் இருந்தது. அடியில் வைத்திருந்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

செங்கோட்டுவேல் ஒவ்வொரு வருடமும்போல வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. முறுக்கை உடைத்துத் தின்றான்.

"டீச்சர், அபிநயா சொல்லுச்சு. நீங்க எல்லாத்தையும் நல்லாப் படிக்கறீங்கன்னு. எங்கப்பா கம்பெனி டீச்சர் இது. தனித்தனியா இருந்தா ரெண்டும் சாகும். சேத்தா ஒண்ணாவது பொழைக்கும்."

"பொழைக்கட்டும். ஒண்ணுக்கு மூணுன்னு விலை யாரு வெச்சது?"

"வேல்யூவர்."

"அவரை யாரு வெச்சது?"

சிரித்தான். நல்ல சிரிப்பு, பள்ளியிலிருந்தே.

"பன்னெண்டாவதுல நீ ஒரு கேள்வி கேட்ட. ஞாபகம் இருக்குதா? விக்கிறவனும் வாங்கறவனும் ஒரே ஆளா இருந்தான்னு."

"ஞாபகம் இல்லாமலா. நீங்க பரீட்சைக்கு வராதுன்னீங்க." முறுக்குத் தூளைத் தட்டினான். "வரவும் இல்லை டீச்சர்."

காபி எடுத்துவருகிறேன் என்று அடுக்களைக்குள் போய்விட்டேன். நான் திரும்பி வந்ததும் மெதுவாகச் சொன்னான். "சசிக்கு நான் குடுக்கறதைச் சம்பளம்னு நினைக்காதீங்க. குருதட்சணைன்னு வெச்சுக்குங்க."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் பெரிய தொல்லை. மிரட்டியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்தால் வேலை சுலபம்.

நவம்பர் 14, செவ்வாய்

இரண்டு முறை வீடு பெருக்கினேன். பேத்தி பாவாடை கட்டிக்கொண்ட போட்டோவை யமுனா அனுப்பியிருந்தாள். பின்னால் சசி, கார்க் கதவைத் திறந்தபடி.

நவம்பர் 15, புதன்

அபிநயாவுக்குப் போன் செய்தேன். "ஏப்ரல்ல நான் கொடுத்த படிவம் தப்பாகிப்போச்சும்மா. எப்படிச் சரி பண்றது?" என்று சசி விவரத்தையும் சொன்னேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினாள்.

"மேடம், கூட்டத்துல முதல் அஜெண்டாவே அதான். 'உறுப்பினர்கள் தங்கள் சம்பந்தத்தைத் தெரிவித்தல்.' ஆனா யாரும் அதுல நிக்கறதே இல்லீங்க. 'எவருக்கும் சம்பந்தம் இல்லை எனக் குறித்துக்கொள்ளப்பட்டது'ன்னு முந்தின நாளே டைப் பண்ணி வெச்சிருவேன். நான் சேர்ந்த ஆறு வருஷத்துல அந்த வரியை மாத்தினதே இல்ல."

"இந்தத் தடவை மாத்தணும்."

"நீங்க சொன்னீங்கன்னா வெளிய போகணும் மேடம். மூணு பேரும் இருந்தாத்தான் இந்தக் கமிட்டி செல்லும். கூட்டமே நின்னுரும்." குரலைத் தணித்துக்கொண்டாள். "எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் ரெண்டுக்கு ஒண்ணுன்னு பாஸ் ஆயிரும். சொன்னாத்தான் நிக்கும்."

நான் அதைக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

பதினோரு கேள்விகள் எழுதிய தாளை மடித்து பீரோவுக்குள் வைத்துவிட்டேன். சொந்தப் பிள்ளை எழுதும் மையத்தில் அடுத்த பிள்ளை பார்த்து எழுதுவதைப் பிடித்தாலும், அந்த அறையில் நான் நிற்கவே கூடாது.

நவம்பர் 17, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பதினொரு மணி. நீள மேஜை. பாதாம் அல்வா, மிக்சர். பாலகுருசாமி எனக்கு எதிரில். சுவரிலிருந்த திரையில் சந்தானகிருஷ்ணன், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "சார், ம்யூட்ல இருக்கீங்க" என்று அபிநயா மூன்று தடவை சொன்னாள். செங்கோட்டுவேல் விளக்கம் சொல்ல மட்டும் என்று வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

அபிநயா வாசித்தாள். "அஜெண்டா ஒன்று. உறுப்பினர்கள் தங்கள் சம்பந்தத்தைத் தெரிவித்தல்." அங்கே நிறுத்தினாள். அவள் அப்படி நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. பாலகுருசாமி அல்வாவிலிருந்து நிமிர்ந்தார்.

எழுந்து நின்றேன். எழ வேண்டியதில்லை. பழக்கம்.

"என் மகன் சசிதரன் ஜூன் மாசத்துலேர்ந்து பொன்வயல்ல வேலை பார்க்கறான். மே மாசம் நான் சேர்மன்கிட்ட அவனுக்கு வேலை இல்லைன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் கிடைச்சுது. ஜூலைக் கூட்டத்துலயே சொல்லியிருக்கணும், சொல்லலை. அதனால இந்த விஷயத்துல நான் ஓட்டுப் போடக்கூடாது, அபிப்பிராயமும் சொல்லக்கூடாது. இதை அப்படியே எழுதிக்கம்மா."

அபிநயா ஒவ்வொரு வார்த்தையையும் தட்டச்சு செய்தாள்.

"டீச்சர், உக்காருங்க, பேசிக்கலாம்" என்றான் செங்கோட்டுவேல்.

"பேசக்கூடாதுப்பா. அதுக்குத்தான் நிக்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனேன். அப்போது பின்னாலிருந்து பாலகுருசாமி தொண்டையைச் செருமினார். யாரைப் பார்த்தும் இல்லாமல், மிக்சர் தட்டைப் பார்த்து, "என் தங்கச்சி மகன் லாரி அங்க ஓடுச்சு. நாலு லாரி. பில்லு இன்னும் வந்துட்டு இருக்குது" என்றார். "லாரிதான் நின்னுபோச்சு."

சுவரிலிருந்து திடீரென்று சத்தம் வந்தது. "ஹலோ, எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்ல. நீங்க என்ன பேசறீங்கன்னே எனக்குக் கேக்கலை."

அபிநயா மட்டும் சிரித்துவிட்டாள். உடனே அடக்கிக்கொண்டாள். பதினொன்றரை மணிக்கே கூட்டம் தேதி குறிக்காமல் ஒத்திவைக்கப்பட்டது. சம்பந்தமில்லாத வேறு மதிப்பீட்டாளரை வைத்து, குழியை இறைத்து, கல்லை அளந்தபிறகுதான் மறுபடி கூட முடியும் என்று அபிநயா சட்டப் பிரிவோடு எடுத்துச் சொன்னாளாம்.

லிப்ட் அருகே செங்கோட்டுவேல் வந்தான். கோபமாகத் தெரியவில்லை. களைப்பாகத் தெரிந்தான்.

"என்ன டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுத்துட்டீங்க."

"முப்பத்தேழு வருஷம் லேட்டாச் சொல்றேன்பா. உன் கேள்விக்குப் பதில். ஒரே ஆள் ரெண்டு பக்கமும் இருந்தா, பேரம் நடக்காது. நடந்த மாதிரி எழுதிக்குவாங்க."

லிப்ட் வந்தது. எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்போதுமே மரியாதை தெரிந்த பிள்ளை.

வீட்டுக்கு வந்து அரிசி ஊறவைத்தேன். சசிக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

பொன்வயலிலிருந்து சசிக்குக் கடிதம். 'நிர்வாகச் சீரமைப்பில் தங்கள் பதவி நீக்கப்படுகிறது.' யமுனா போனில் படித்துக் காட்டினாள். படித்து முடித்ததும், "நீங்க ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கலாம் அத்தை" என்று வைத்துவிட்டாள். அவள் சொல்வது சரி.

நவம்பர் 22, புதன்

யமுனா எடுக்கவில்லை. மூன்று முறை.

நவம்பர் 24, வெள்ளி

கூட்டக் குறிப்பு வந்தது. முதல் அஜெண்டாவுக்குக் கீழே ஒன்பது வரி. என் பெயர், சசி பெயர், தேதி எல்லாம் சரியாக இருந்தன. சிவப்பு மை தேவைப்படவில்லை.

மாரப்பனைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். "பொன்வயலு குழியில நாளையிலேர்ந்து மோட்டாரு போடறாங்களாம். கல்லு இருந்தாலும் இருக்குமுங்க, யாரு கண்டா" என்றார். சசியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

நவம்பர் 26, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு வாசலில் பைக் சத்தம். பழைய பைக். ஜூனிலிருந்து மூடிவைத்திருந்தது. சசி உள்ளே வந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வை என்னை அறியாமல் வந்துவிடுமோ என்று பயம். தட்டில் நான்கு இட்லி வைத்தேன். ஏழு மணிக்கே ஊற்றியது. அவன் வருவான் என்று தெரியாது.

ஒன்றைப் பிட்டு வாயில் போட்டான்.

"ஆறிப்போயிருச்சும்மா."

"தெரியும்."

"எடப்பாடி பஸ்ஸுக்குப் போயிட்டியா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பதவியை நீக்கிட்டாங்களாம்" என்றான். "அப்படி ஒண்ணு இருந்தாத்தான நீக்கறதுக்கு." இரண்டாவது இட்லியை எடுத்தான். "யமுனா இன்னும் கோபமாத்தான் இருக்கா. நீயா வந்து பேசு. போன்ல வேண்டாம்."

"வர்றேன்."

"பெருந்துறைல ஒரு இன்டர்வியூ. பத்தரைக்கு. ஞாயித்துக்கிழமைகூட வெச்சிருக்காங்க. நீ யாருக்கும் போன் பண்ணிடாத."

"பண்ண மாட்டேன்."

"சட்னி இருக்குதா?"

இருந்தது. ஊற்றினேன்.

அவன் போனபின் வெகுநேரம் கழித்து உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று, இப்படி நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்து. ஆனால் நிம்மதி என்று எழுதமாட்டேன். யமுனாவின் வீட்டுக்கு மாலையில் போக வேண்டும், என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

பாடக்குறிப்பின் கடைசி வரியில் வீட்டுப்பாடம் இருக்க வேண்டும். இதைப் புரட்டிப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு: அடுத்த முறை எதற்காவது சம்மதம் சொல்லும் முன், ஒரு தாளை எடுத்து, அதனால் நன்மை அடையப்போகிற உங்கள் வீட்டு ஆட்களின் பெயர்களை எழுதுங்கள், உங்கள் பெயரிலிருந்து தொடங்கி.